பயிற்சியாளரா, வீரர்களா: தோற்கும் கல்லூரிப் பேஸ்பால் அணி எதை முதலில் மாற்ற வேண்டும்?

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் அணி, 2024 ஜூனில் ஒமாஹா நகரில் நடந்த கல்லூரி உலகத் தொடரின் இறுதிச் சுற்று வரை சென்று டென்னசியிடம் கோப்பையை இழந்தது. இறுதி ஆட்டம் முடிந்த மறுநாளே தலைமைப் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல், அந்தப் பல்கலைக்கழகத்தின் பரம வைரியான டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பேட்டிங் பயிற்சியாளராக இருந்த மைக்கேல் எர்லி தலைமைப் பொறுப்பை ஏற்றார். பெயர்பெற்ற வீரர்கள் பலர் அங்கேயே தங்கினார்கள்; 2025 சீசன் தொடங்கும் முன் வந்த தரவரிசைகளில் அந்த அணிதான் முதலிடத்தில் இருந்தது. சீசன் முடிந்தபோது கணக்கு 30 வெற்றி, 26 தோல்வி. 64 அணிகள் ஆடும், ஒமாஹாவில் முடியும் தேசியப் போட்டியில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. அதே ஆண்டில் ஷ்லாஸ்நேகலின் டெக்சஸ் அணி, தான் புதிதாகச் சேர்ந்த எஸ்.இ.சி. லீக்கில் 22 வெற்றி, 8 தோல்வியுடன் முதலிடம் பிடித்தது.

இதை மட்டும் பார்த்தால் பயிற்சியாளர்தான் எல்லாம் என்று வழக்கை முடித்துவிடலாம். ஆனால் அதே 2025-இல் லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது இதற்கு நேரெதிர். யு.சி.எல்.ஏ. அணி 2024-இல் 19 ஆட்டங்களில் வென்று 33-இல் தோற்றிருந்தது. 2005 முதல் அங்கே இருக்கும் ஜான் சாவேஜை நிர்வாகம் மாற்றவில்லை. முந்தைய ஆண்டு அடி வாங்கிய இளம் வீரர்கள், உள்வட்டத்தில் நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப் ராக் சோலாவ்ஸ்கி உட்பட, ஒரு வயது கூடித் திரும்பி வந்தார்கள். அணி 48 ஆட்டங்களில் வென்று ஒமாஹாவுக்குச் சென்றது. பயிற்சியாளர் அவரேதான், வீரர்களிலும் பெரும்பகுதி அவர்களேதான், மாறியது அவர்களுடைய வயது.

ஆகவே, தொடர்ந்து தோற்கும் ஓர் அணியின் விளையாட்டுத் துறை இயக்குநர், கையில் இருக்கும் ஒரே பணத்தைத் தலைமைப் பயிற்சியாளரை மாற்றுவதற்குச் செலவிடுவதா, நல்ல வீரர்களை வெளியிலிருந்து கொண்டுவருவதற்குச் செலவிடுவதா என்ற கேள்விக்கு ஓரிரு வெற்றிக் கதைகளை வைத்து விடை சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அது பத்திரிகைத் தலைப்புக்கு உதவாது என்பதால் அதிகம் பேசப்படுவதில்லை. தலைமைப் பயிற்சியாளரை விட்டுவிட்டு, அவருக்குக் கீழே பிட்சர்களை, அதாவது பந்து வீசுபவர்களை, பார்த்துக்கொள்ளும் பயிற்சியாளரையும் அவருடைய கருவிகளையும் மாற்றுவதே அந்த வழி. என் சார்பு இந்த மூன்றாவதன் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

‘பயிற்சி’ என்ற சொல்லையே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு மைதானத்தில் முடிவெடுப்பவர் கேப்டன். பயிற்சியாளர் பெவிலியனில் கைகட்டி உட்கார்ந்திருப்பவர். கல்லூரிப் பேஸ்பாலில் யார் எப்போது பந்துவீச வேண்டும், ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய பேஸ்களில் அடுத்ததை எப்போது திருட ஓட வேண்டும், பல அணிகளில் அடுத்த பந்து என்ன வகை என்பது வரை டகவுட்டில் (மைதான ஓரத்து அணி இருக்கையில்) இருப்பவர்களே சொல்கிறார்கள். ரசிகர்கள் திட்டுவதும் இந்த முடிவுகளுக்காகத்தான். ஆனால் தலைமைப் பயிற்சியாளரின் வேலையில் ஒரு சீசனின் முடிவை மிகக் குறைவாக அசைக்கும் பகுதி இதுவே என்று நான் நினைக்கிறேன். மீதி இரண்டு பகுதிகள் பெரியவை. உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளிலும் அலைந்து ஆள் சேர்ப்பது ஒன்று. சேர்த்தவனை மூன்று ஆண்டுகளில் வேறொரு வீரனாக ஆக்குவது மற்றொன்று. ஆக, தொழில்முறை லீக்கில் அணியின் மேலாளர் தனக்குக் கொடுத்த வீரர்களை வைத்து ஆடுகிறார். கல்லூரியில் வீரர்களைக் கொண்டுவருபவரே பயிற்சியாளர்தான். ‘திறமை இல்லாத அணியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்’ என்று நான்காம் ஆண்டில் அவருக்காக வாதாடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த அணியைச் சேர்த்தவரே அவர்தானே.

திறமையின் பக்கம் அண்மை ஆண்டுகளில் விதிகள் தலைகீழாகிவிட்டன. முதல் பிரிவுக் (மேல்மட்டப் பிரிவு) கல்லூரி ஒன்று பேஸ்பாலுக்குத் தரக்கூடிய முழு உதவித்தொகைகளின் எண்ணிக்கை நெடுங்காலம் 11.7 என்று இருந்தது. அந்தப் பதினொன்றே முக்காலுக்கும் குறைந்த தொகையை இருபத்தேழு பேர் வரை பங்கு போட்டுக் கொடுத்தார்கள். கால் பங்கு, அரைப் பங்கு உதவியுடன்தான் பெரும்பாலோர் படித்தார்கள். வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை உச்சவரம்பு போய், அணிக்கு 34 பேர் என்ற ஆள்வரம்பு வந்தது. கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை. அதில் பெரும்பங்கை அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் எடுத்துக்கொள்ள, பேஸ்பாலுக்கு மிஞ்சுவது இலையோரத்து ஊறுகாய்தான்.

இதற்கு முன்பே 2021-இல் இன்னொரு கதவு திறந்திருந்தது. அதுவரை ஒரு முதல் பிரிவுக் கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் பேஸ்பால் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு முதல் ஒருமுறை காத்திருக்காமல் மாறலாம் என்றானது. 2024 முதல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். மாற விரும்புபவர்கள் தங்கள் பெயரைப் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ ஜூன் மாதத்தில் சந்தை போல் ஆகிவிடுகிறது. தோற்கும் அணிக்கு இது இரு பக்கமும் வெட்டுகிறது. 21 வயது இடதுகை பிட்சர் ஒருவனை ஒரே தொலைபேசி அழைப்பில் பிடிக்கலாம் என்பது உண்மை. நீங்கள் இரண்டு ஆண்டுகள் வளர்த்த இடதுகை பிட்சரை இன்னொருவர் அதே ஜூனில் ஒரே அழைப்பில் பிடித்துக்கொண்டு போகலாம் என்பதும் உண்மை.

திறமையை விலைக்கு வாங்குவது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2023-இன் எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக) அணி நல்ல சாட்சி. விமானப்படை அகாடமியில் கேட்சராகவும் (விக்கெட் கீப்பர் போல் பந்தைப் பிடிப்பவர்) பிட்சராகவும் ஆடிக்கொண்டிருந்த பால் ஸ்கீன்ஸும், நார்த் கரோலைனா ஸ்டேட்டில் முதலாண்டிலேயே 27 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி, அடித்தவரும் பேஸ்களில் நிற்பவர்களும் ஆளுக்கொரு ரன் எடுக்கும் அடி) அடித்த டாமி ஒயிட்டும் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஜூன் 22 அன்று ஒமாஹாவில் எல்.எஸ்.யு.வும் வேக் ஃபாரஸ்டும் மோதின. வென்றவர் இறுதிச் சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு. ஸ்கீன்ஸ் எட்டு இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. எதிரே ரெட் லவுடர் ஏழு இன்னிங்ஸ் வீசி அவரும் ஒரு ரன்னும் கொடுக்கவில்லை. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் நீண்டு, பதினோராவது இன்னிங்ஸில் ஒயிட் அடித்த ஒரு ஹோம் ரன் 2-0 என்று ஆட்டத்தை முடித்தது. இதைப் பணத்தின் வெற்றி என்று எழுதுவது எளிது. எனக்குக் கண்ணில் பட்டது வேறு. லவுடர் பிட்சர்களுக்கென்றே தனி ஆய்வுக்கூடம் கட்டிய ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டுகள் வளர்ந்தவர். ஸ்கீன்ஸ் எல்.எஸ்.யு.வுக்கு வந்து கேட்சிங்கை விட்டுப் பந்துவீச்சை மட்டும் பிடித்துக்கொண்டார். அவரைப் பார்த்துக்கொண்டவர், அதற்கு முந்தைய கோடையில் மினசோட்டா ட்வின்ஸ் என்ற தொழில்முறை அணியின் வேலையைச் சீசன் நடுவில் விட்டுவிட்டுக் கல்லூரிக்கு வந்த வெஸ் ஜான்சன். முதல் ரக அணிகள் எந்தப் பதவிக்கு இப்படி ஆள் பறிக்கின்றன என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

அந்த ஜான்சன்தான் 2023 ஜூனில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நம் கேள்விக்கு இதைவிட நெருக்கமான சோதனை கிடைப்பது அரிது. ஜார்ஜியாவில் சார்லி காண்டன் என்று ஒரு வீரர். உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து, 2022-ஐ ஓர் ஆட்டமும் ஆடாமல் உடற்பயிற்சிக் கூடத்திலும் பயிற்சி வலையிலும் கழித்தவர். 2023-இல் களமிறங்கி 25 ஹோம் ரன் அடித்தார். அணியோ 29 வெற்றி, 27 தோல்வியுடன் முடித்து, லீக்கில் 30 ஆட்டங்களில் 11-ஐ மட்டுமே வென்றது. அடுத்த ஆண்டு அதே காண்டன் 37 ஹோம் ரன் அடித்தார், சராசரி .433 (பத்து முயற்சியில் நான்குக்கு மேல் வெற்றியடி), அணி 43 வெற்றி, 17 தோல்வியுடன் ஒமாஹாவுக்கு ஒரு படி கீழே வரை வந்தது. பயிற்சியாளர் மாறியதால் என்று ஒருவர் சொல்வார். போர்ட்டல் வழியே புதியவர்கள் பலர் வந்ததால் என்று இன்னொருவர் சொல்வார். காண்டனுக்கு ஒரு வயது கூடியதால் என்று மூன்றாமவர் சொல்வார். மூவரும் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. நாட்டின் மிகச்சிறந்த பேட்டர்களில் ஒருவர் இருந்தும் 2023 அணி தேறவில்லை. பேஸ்பாலில் ஒரு பேட்டருக்கு ஓர் ஆட்டத்தில் நான்கைந்து வாய்ப்புகள்தான். அவர் எவ்வளவு அடித்தாலும் எட்டாவது இன்னிங்ஸில் பந்து வீசப்போவது அவர் இல்லை.

பந்துவீச்சின் கணக்கு எளிமையானது, இரக்கமற்றது. கல்லூரி அணி வெள்ளி, சனி, ஞாயிறு என்று ஒரே எதிரியுடன் மூன்று ஆட்டமும், வாரநடுவில் இன்னொரு ஆட்டமும் ஆடும். ஒன்பது இன்னிங்ஸ் வீதம் வாரத்துக்கு 36 இன்னிங்ஸ். வார இறுதியில் தொடங்கி வைக்கும் மூவரும் ஆளுக்கு ஐந்தரை இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தாலும் பதினாறு சொச்சம்தான் ஆகும். மிச்சம் கிட்டத்தட்ட இருபது இன்னிங்ஸ், பெயர் தெரியாத ஆறேழு பையன்களின் தோளில். தோற்கும் அணியின் ஆட்டம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஏழாவது இன்னிங்ஸில் பார்த்தால் போதும். 5-3 என்று முன்னிலை. புதிதாக வந்த பிட்சர் முதல் பேட்டருக்கு நான்கு பந்துகளை ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வீசி இலவசமாக முதல் பேஸ் தருகிறான். இதற்கு ‘வாக்’ என்று பெயர். அடுத்தவனுக்கு மூன்று பந்து வெளியே, இரண்டு உள்ளே, பிறகு மறுபடியும் வாக். பயிற்சியாளர் மேட்டுக்கு நடந்து போகிறார், தோளைத் தட்டுகிறார், திரும்புகிறார். மூன்றாமவனுக்கு வாக் கொடுத்துவிடக் கூடாதே என்று நடுவில் மெதுவாக வைத்த பந்து வேலிக்கு வெளியே போகிறது. ஒரே ஒரு அடி, மூன்று ரன், 6-5. மறுநாள் செய்தியில் அந்த ஹோம் ரன்தான் இருக்கும்.

இந்தப் பையனுக்குக் கை வேகம் இல்லாமல் இல்லை. மணிக்கு 92 மைல் வீசுபவன்தான். கல்லூரிப் பேஸ்பாலில் அடிமட்ட அணிகளிடம்கூட வேகமாக வீசும் ஆட்கள் இருக்கிறார்கள். இல்லாதது ஸ்ட்ரைக், அதாவது அந்த எல்லைக்குள் வரும் பந்து. பந்தை விடும் கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்கிறதா, ஸ்லைடர் (பக்கவாட்டில் விலகும் பந்து) என்று அவன் நினைப்பது உண்மையில் எவ்வளவு விலகுகிறது, இரண்டாவது பந்து வகை ஒன்றை எப்போது நம்பி வீசலாம் என்பவற்றை ட்ராக்மேன், ராப்சோடோ போன்ற கருவிகள் அளந்து காட்டும். அந்த அளவுகளை அவனுக்குப் புரியும் சொல்லில் சொல்லத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் வேண்டும். 2023 முதல் ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்ற சம்பளமற்ற இடம் ஒழிந்து, தலைமைப் பயிற்சியாளருடன் மேலும் மூவருக்குச் சம்பளம் தரலாம் என்று விதி மாறியது. அந்த மூன்று இடங்களில் ஒன்றுக்கு நல்ல சம்பளம் கொடுத்துப் பிட்சிங் பயிற்சியாளரைக் கொண்டுவந்தால் ஒருவருடைய உழைப்பு பதினைந்து பேரின் கைகளில் வேலை செய்யும். அதே பணத்தில் போர்ட்டலில் ஒரு நட்சத்திர ஷார்ட்ஸ்டாப்பை வாங்கினால் அந்த ஓர் இடம்தான் மேம்படும், அதுவும் ஓராண்டுக்கு.

தலைமைப் பயிற்சியாளரை மாற்றுவதன் உச்சபட்ச பலன் என்ன என்பதற்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் கதையே போதும். ஹூஸ்டனில் உள்ள சிறிய தனியார் பல்கலைக்கழகம். நுழைவதே கடினம், கட்டணமும் அதிகம். தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றதே இல்லாத அந்த அணியை 1992 சீசனில் ஏற்ற வெய்ன் கிரஹாமுக்கு அப்போது வயது ஐம்பத்தைந்து. அதற்கு முன் சான் ஹசின்டோ என்ற ஜூனியர் கல்லூரியில் ஐந்து முறை தேசியப் பட்டம் வென்றவர்; பின்னாளில் புகழ்பெற்ற பிட்சர்களான ரோஜர் கிளெமன்ஸும் ஆண்டி பெட்டிட்டும் அவரிடம் ஆடியவர்கள். ரைஸ் 1995-இல் முதன்முறையாகத் தகுதி பெற்றது. அதன்பின் 2017 வரை ஓராண்டும் தவறவில்லை. 2003-இல் ஸ்டான்ஃபோர்டை 14-2 என்று வீழ்த்திப் பட்டம் வென்றது. மறு ஆண்டு, தொழில்முறை அணிகள் வரிசையாக வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் அந்த அணியின் மூன்று பிட்சர்கள், ஃபிலிப் ஹம்பர், ஜெஃப் நீமன், வேட் டவுன்சென்ட், முதல் எட்டு இடங்களுக்குள் எடுக்கப்பட்டார்கள். மறுபடியும் பிட்சர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 82 வயதில், 2018 சீசனுடன் கிரஹாமின் காலம் முடிந்தது. அடுத்து வந்த இருவரும் ரைஸைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோகவில்லை; இரண்டாமவரான ஹோசே க்ரூஸ் ஜூனியர், தானே ரைஸின் முன்னாள் நட்சத்திரம், 2025 மார்ச்சில் 2-14 என்ற தொடக்கத்தோடு நீக்கப்பட்டார். அதே கட்டடங்கள், அதே ஹூஸ்டன், சுற்றிலும் அதே பள்ளிகள். இப்போது அங்கே இருப்பவர் கிரஹாமிடம் உதவியாளராக இருந்து, பின்னர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை மூன்று முறை ஒமாஹாவுக்குக் கொண்டுபோன டேவிட் பியர்ஸ்.

பயிற்சியாளரை மாற்றுவோம் என்பவர்களுக்கு இது பொன்னான சான்று. ஆனால் கிரஹாம் போன்ற ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்கும் நாளிதழில் விளம்பரம் கொடுத்து ஒருவரை அமர்த்துவதற்கும் தூரம் அதிகம். கிரஹாமுக்கே மூன்று சீசன்கள் வெறுமையாகப் போய் நான்காவதில்தான் முதல் தகுதி கிடைத்தது. டென்னசியில் டோனி விட்டெல்லோ 2018-இல் முதல் சீசனை 29-27 என்று முடித்தார். மறு ஆண்டு, 2005-க்குப் பின் முதன்முறையாக அணியைத் தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனார். பட்டம் வந்தது 2024-இல். சாவேஜின் யு.சி.எல்.ஏ. முதல் ஆண்டு 15-41. இன்றைய பொறுமையில் அந்த எண்ணோடு இரண்டாம் ஆண்டுக்கு எத்தனை பேர் பிழைப்பார்கள்? பயிற்சியாளரை மாற்றுகிறவர் மூன்று ஆண்டுகளை வாங்குகிறார். பழையவருக்கு மிஞ்சிய ஒப்பந்தத் தொகையையும் கட்டுகிறார். கூடவே, மாற்றம் அறிவித்த அன்றே வீரர்கள் போர்ட்டலில் பெயர் பதியத் தொடங்குவார்கள் என்பதால், இருக்கும் திறமையிலும் ஒரு பங்கை இழக்கிறார். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்தவரைப் பொதுவாக மூன்றாம் ஆண்டு முடியும் வரையோ 21 வயது ஆகும் வரையோ தொழில்முறை அணிகள் எடுக்க முடியாது என்ற பழைய விதிதான் வளர்ப்புக்குக் காலம் கொடுத்தது. போர்ட்டல் அந்தக் காலத்தைச் சுருக்கிவிட்டது.

முடிவெடுக்கும் முன் இயக்குநர் செய்யக்கூடிய ஓர் எளிய கணக்கு உண்டு. பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் பிரபலப்படுத்திய சூத்திரம் அது. எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தவற்றின் வர்க்கமும் கொடுத்தவற்றின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அணி நியாயமாக வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். ஓர் அணி 56 ஆட்டங்களில் 300 ரன் எடுத்து 330 கொடுத்திருந்தால் விடை சுமார் .45, அதாவது 25 வெற்றிகள். அது 20-தான் வென்றிருந்தால், நெருக்கமான ஆட்டங்களில் அதிர்ஷ்டமோ கடைசி இன்னிங்ஸ் பந்துவீச்சோ காலை வாரியிருக்கிறது. அதற்காகத் தலைமைப் பயிற்சியாளரின் தலையைக் கேட்பது அவசரம். மாறாக 250 எடுத்து 420 கொடுத்திருந்தால் பள்ளம் ஆழமானது, ஒரு நட்சத்திரத்தால் நிரப்ப முடியாதது. இதோடு பிட்சர்கள் கொடுத்த ‘வாக்’களின் எண்ணிக்கையையும், இரண்டாம் ஆண்டு வீரர்கள் முதலாண்டைவிட மேம்பட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக யாருமே மேம்படாத அணியில் வளர்ப்பு நடக்கவில்லை. அங்கே போர்ட்டலில் வாங்கிப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

ஆகவே நடுத்தரப் பணமுள்ள கல்லூரிக்கு நான் சொல்லும் வரிசையில் பிட்சிங் பயிற்சியாளரும் கருவிகளும் முதலில் வருகின்றன. பிறகு போர்ட்டலில் ஸ்ட்ரைக் வீசத் தெரிந்த, வேகம் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லாத மூத்த மாற்றுப் பிட்சர்கள் மூன்று நான்கு பேர். பேட்டர்களைவிட அவர்கள் பெரும்பாலும் மலிவு. தலைமைப் பயிற்சியாளரின் நாற்காலி கடைசியில். ஒரு நிலையில் மட்டும் இந்த வரிசையை நான் தலைகீழாக்குவேன். ஜூனில் போர்ட்டல் திறந்த முதல் வாரத்திலேயே ஆட்டத்தில் இருக்கும் இரண்டாம் ஆண்டு வீரர்கள் பாதிப் பேர் பெயர் பதிந்து, அவர்களில் யாரும் பெரிய கல்லூரிக்குப் போகாமல் தங்களுடையதைப் போன்ற சிறிய இடங்களுக்கே போகிறார்கள் என்றால், அவர்கள் பணத்துக்காகப் போகவில்லை. அந்த வாரமே பயிற்சியாளரை அழைத்துப் பேசிவிடுவது நல்லது. ஆகஸ்ட் வரை தள்ளினால், வரவிருக்கும் முதலாண்டுப் பையன்களின் பெற்றோர்கள் அதற்குள் தங்களுக்குள் பேசி முடித்திருப்பார்கள்.